துறவறம் கீழ்நிலை ஊழியருக்கு மட்டும்

காலையில் சூரியன் உதிக்கும்போது வேப்பம்பட்டு அரசு ஊழியர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வதுதான் முறை. மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964, ஐந்தாம் விதியைக் கண்டிப்பாகப் படித்தால் அப்படித்தான் முடியும். ஓர் அரசு ஊழியர் தன் உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னம் எதையாவது காட்டினால், தேர்தலில் அவர் தன் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகக் கொள்ளப்படும் என்று அந்த விதியின் அடியில் ஒரு விளக்கம் இருக்கிறது. ரயில்வேக்காரர்களுக்கு 1966-இல் தனி விதிகள் வந்தன, சரக்கு மாறவில்லை. மாநில அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973. அதுவும் அதே அச்சில் வார்த்ததுதான்.

திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் இந்த மூன்று விதிகளுக்கும் ஆள் உண்டு. ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.புக்குப் போகிறவர், ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்குப் போகிறவர், கோட்டைக்குப் போகிற உதவியாளர், அரசுப் பள்ளி ஆசிரியை. ஆவடியில் மனை வாங்கக் கட்டுப்படியாகாமல் இன்னும் சில ஸ்டேஷன் மேற்கே தள்ளி வந்து, கடன் வாங்கி வீடு கட்டியவர்கள். வீட்டுக்கு ஒரு நடத்தை விதி என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

இவர்கள் மார்கழியில் வாசலில் தாமரைக் கோலம் போடலாமா? ரோஜாவுக்கு மாறிக்கொள்வது நல்லது. வெற்றிலைத் தட்டில் இலையை இரண்டிரண்டாக அடுக்கக் கூடாது. மூன்றாக அடுக்கினால் தப்பலாம். மே மாதம் மாம்பழம் வாங்கினால் பைக்குள் வைத்து, மேலே கொத்தமல்லிக் கட்டைப் போட்டு மூடிக்கொண்டு வர வேண்டும். கையை என்ன செய்வது என்பதற்குத் தெளிவுரைச் சுற்றறிக்கை இன்னும் வரவில்லை; வரும்வரை சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

ஊழியரின் வண்டியில் சின்னம் கூடாது, சரி. அரசாங்கத்தின் வண்டியில்? 2013-இல் சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் சிற்றுந்துகள் ஓடத் தொடங்கியபோது அவற்றின் பக்கவாட்டில் பச்சைப் பசேல் என்று இலைகள் வரைந்திருந்தன. இது ஆளுங்கட்சியின் சின்னம் அல்லவா என்று எதிர்க்கட்சி கேட்டது. இல்லை, இயற்கை என்றது அரசுத் தரப்பு. அடுத்த வருஷம் மக்களவைத் தேர்தல் வந்தபோது அந்த இயற்கையை மறைக்க வேண்டியதாயிற்று. இதே இலையைத் தன் டி.வி.எஸ். 50-இல் ஒட்டிக்கொண்டு வந்த கடைநிலை ஊழியர் ஒருவர், ஐயா இது இயற்கை என்று சொல்லியிருந்தால், அவருக்கு வந்திருக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை எத்தனை பக்கம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசு ஊழியர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. அரசியலில் ஈடுபடும் எந்த அமைப்போடும் தொடர்பு கூடாது. நன்கொடை கூடாது. வேறு எந்த வகையிலும் உதவக் கூடாது. ஓட்டுப் போடலாம், ஆனால் யாருக்குப் போடப்போகிறோம், யாருக்குப் போட்டோம் என்று ஜாடைகூடக் காட்டக் கூடாது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ரேஷன் அட்டைக்கு விண்ணப்பித்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் என் கட்சியைப் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. தாலுகா ஆபீசில் கட்சிக் கரைவேட்டியோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் முதலில் கத்துகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

விஷம் இருப்பது மூன்றாம் உட்பிரிவில். ஓர் அமைப்பு அரசியல் அமைப்பா, ஒரு செயல் அரசியல் செயலா என்று சந்தேகம் வந்தால் யார் தீர்மானிப்பது? அரசாங்கம். அதன் முடிவே இறுதியானது. அரசாங்கம் என்பது யார்? தேர்தலில் ஜெயித்த கட்சி. ஆக, எது அரசியல் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை, நாட்டில் அரசியலைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒரு கூட்டத்திடம் ஒப்படைத்திருக்கிறோம்.

இதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம். 1966 நவம்பர் 30 அன்று மத்திய உள்துறை ஒரு குறிப்பாணை விட்டது. ஆர்.எஸ்.எஸ்., ஜமாஅத்தே இஸ்லாமி இரண்டிலும் அரசு ஊழியர்கள் சேர்வது ஐந்தாம் விதிக்கு மாறானது என்றது. 1970-இல் மறுபடி சொன்னார்கள், 1980-இல் மறுபடியும். ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து, 2024 ஜூலை 9 அன்று, அந்த மூன்று ஆணைகளிலிருந்தும் ஆர்.எஸ்.எஸ். பெயர் மட்டும் நீக்கப்பட்டது. ஜூலை 8 வரை அரசியல். ஜூலை 9 முதல் அரசியல் இல்லை. ஒரே இரவில் அந்த அமைப்பு ஷாகாவை மூடிவிட்டுப் பஜனை மடமாக மாறியதா? இல்லை. கையெழுத்துப் போடுகிற இடத்தில் அதன் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். கூட இருந்த இன்னொரு பெயரை நீக்க யாருக்கும் பேனா எழவில்லை. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் இதைப் பற்றிப் பேசியபோது, மத்திய அரசு தன் தவறை உணர ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்றே என்று வருத்தப்பட்டது. எனக்கும் வருத்தம்தான். 1966-இல் தடை போட்டவர்களும் ஊழியரின் நடுநிலையைக் காக்கப் போடவில்லை, 2024-இல் எடுத்தவர்களும் ஊழியரின் உரிமைக்காக எடுக்கவில்லை. இரண்டு தடவையும் ஆணை பிறந்தது எஜமானனின் வசதிக்கு.

இரண்டாம் உட்பிரிவு இன்னும் ருசியானது. சட்டப்படி அமைந்த அரசைக் கவிழ்க்கும் தன்மையுள்ள இயக்கத்தில் குடும்பத்தார் யாரும் சேராமல் தடுக்க ஊழியர் முயல வேண்டும். தடுக்க முடியாவிட்டால் அரசுக்கு அறிக்கை தர வேண்டும். எது கவிழ்க்கும் தன்மை என்பதையும் மேற்படி எஜமானன்தான் சொல்வார். எங்கள் பக்கத்தில் யாராவது இந்த விதியை மதித்து நடந்தால் கடிதம் இப்படி இருக்கும்:

"பொருள்: பொதுப்பணி – நடத்தை விதிகள் – குடும்ப உறுப்பினரின் நடவடிக்கை – தடுக்க இயலாமை – அறிக்கை அளித்தல் – தொடர்பாக. மேற்காண் பொருள் தொடர்பாகப் பணிந்து தெரிவித்துக்கொள்வது யாதெனில், என் மாமியார் ரேஷன் கடை வரிசையில் நின்றபடி, பாமாயில் வராததற்கு இந்த அரசாங்கமே காரணம் என்றும் இது ஒழிந்தால்தான் விடியும் என்றும் பொதுமக்கள் முன்னிலையில் உரக்கத் தெரிவித்தார். விதிப்படி அவரைத் தடுக்க முயன்றேன். அவர் என்னையும் அரசோடு சேர்த்தே திட்டினார். அன்னாரைத் தடுக்க இயலவில்லை என்பதைத் தக்க நடவடிக்கைக்காகச் சமர்ப்பிக்கிறேன். இணைப்பு: ரேஷன் அட்டை நகல், ஒன்று."

சிரிக்கலாம். ஆனால் இந்த விதி 1964 முதல் புத்தகத்தில் இருக்கிறது. யார் தலையில் எப்போது விழும் என்பதுதான் தெரியாது. திரிபுராவில் ஒரு பெண் எழுத்தர் தலையில் விழுந்தது. 2017 டிசம்பர் 31 அன்று ஒரு கட்சிக் கூட்டத்தில் இருந்தார், ஃபேஸ்புக்கில் ஏதோ எழுதினார் என்று குற்றச்சாட்டு. 2018 மார்ச்சில் அந்த மாநிலத்தில் ஆட்சி மாறியது. ஏப்ரலில், ஓய்வு பெறச் சில நாள்களே இருக்கையில், அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். கூட்டத்தில் இருப்பது வேறு, கூட்டத்தில் பங்கெடுப்பது வேறு; அரசு ஊழியர் என்பதாலேயே ஒருவருக்குப் பேச்சுரிமை இல்லாமல் போய்விடாது என்று 2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தேர்தல் கூட்டம் நடக்கும் மைதானத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் ஊழியர்கள் அந்தத் தீர்ப்பை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு கறாராக அரசியலிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட ஊழியரை, அதே அரசாங்கம் எதற்கெல்லாம் கூப்பிடுகிறது என்று பார்ப்போம்.

2023 அக்டோபரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. இணைச் செயலர், இயக்குநர், துணைச் செயலர் நிலையில் இருக்கும் அதிகாரிகளை நாட்டின் 765 மாவட்டங்களுக்கும் 'ரத பிரபாரி'களாக அனுப்ப வேண்டும். அதாவது ரதப் பொறுப்பாளர்கள். கடந்த ஒன்பது வருஷச் சாதனைகளைக் கிராமம் கிராமமாகக் கொண்டு போக வேண்டும். ஒன்பது வருஷம் என்றால் எந்த ஒன்பது வருஷம்? 2014-இலிருந்து எண்ணினால் கணக்குச் சரியாக வரும். அதற்கு முன்னால் இந்தியா என்று ஒரு நாடு இருந்ததாகக் கோப்பில் இல்லை போலும். மக்களவைத் தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, யு.பி.எஸ்.சி. எழுதித் தேறிய ஆள் ரதத்தின் முன்னால் நடக்க வேண்டும். தேர்தல் நடந்துகொண்டிருந்த மாநிலங்களில் மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. அதே மாதம், விடுப்பில் ஊருக்குப் போகும் ராணுவ வீரர்கள் அரசின் திட்டங்களை ஊராருக்கு எடுத்துச் சொல்லலாம் என்றும் ஒரு ஏற்பாடு. பனிமலையில் நின்றுவிட்டு ஒரு மாத லீவில் வரும் பிள்ளை, அம்மா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டு முடித்ததும் கழிப்பறைத் திட்டம் பற்றித் தெருவில் பேச வேண்டும். இது அரசியல் இல்லை. வாசலில் போட்ட தாமரைக் கோலம்தான் அரசியல்.

டெல்லியைத் திட்டிவிட்டுச் சென்னையை விட்டுவிட்டால் என் பேனாவுக்கே அடுக்காது. இங்கே சோற்றுக்கும் தண்ணீருக்கும் உப்புக்கும் சிமெண்டுக்கும் 'அம்மா' என்று பெயர் வைத்து விற்றார்கள். 2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கின. பட்டா மாறுதலுக்கு மனு வாங்கியது அரசு ஊழியர். அவர் தலைக்கு மேல் பேனரில் சிரித்தது ஒரு கட்சியின் தலைவர். அவர் அப்போது முதலமைச்சரும்தான், தெரியும். ஆனால் திட்டத்துக்கு 'உங்களுடன் முதலமைச்சர்' என்று பெயர் வைத்தால் நாக்கு வழங்காதா? வழங்கும், அடுத்த முதலமைச்சருக்கும் அது பொருந்திவிடுமே என்பதுதான் சிக்கல். உயிரோடிருக்கும் தலைவர்களின் பெயரைப் புதிய திட்டங்களுக்கு வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. வழக்குப் போட்டவர் அம்மா உப்பு விற்ற கட்சியின் சி.வி. சண்முகம். உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் அந்த உத்தரவை ரத்து செய்து, எல்லாக் கட்சியும்தானே செய்கிறது என்று கேட்டு, அவருக்கே 10 லட்சம் ரூபாய் விதித்தது. எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மை. நாளைக்கு ஓர் எழுத்தர் கட்சிக் கூட்டத்துக்குப் போய் மாட்டிக்கொண்டு, ஐயா எல்லோரும்தான் போனார்கள் என்றால் அது எடுபடுமா?

முகாமில் நாள் பூராவும் தலைவரின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து எழுதியவர், சாயந்திரம் ஆறு மணிக்கு அதே படத்தைத் தன் வீட்டு வாசலில் ஒட்டினால் குற்றவாளி. எதிர்க்கட்சித் தலைவரின் படத்தை ஒட்டினாலோ குற்றவாளிக்கும் மேலே. ஊழியரை அரசியலிலிருந்து விலக்கி வைக்கிறோம் என்பது பொய். அவரை அரசியலுக்குப் பயன்படுத்தும் ஏகபோக உரிமையை ஆளுங்கட்சி தன் பெயருக்குப் பட்டா போட்டு வைத்திருக்கிறது என்பதே நிஜம்.

சரி, கட்சி வேண்டாம். சொந்தச் சோற்றைப் பற்றியாவது பேசலாமா? அதையும் பார்த்தோம். 2003 ஜூலை 2 அன்று ஓய்வூதியப் பலன்களில் கை வைத்ததை எதிர்த்து மாநில அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான 'டெஸ்மா'வைத் திருத்தி, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் வேலையை ஒரே வீச்சில் பறித்தது ஜெயலலிதா அரசு. விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். டி.கே. ரங்கராஜன் வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, தார்மீக உரிமையும் இல்லை. நிபந்தனையற்ற மன்னிப்பும், நடத்தை விதியை மதிப்பேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரும்பாலானோர் உள்ளே போனார்கள். பையன்களின் வீட்டுப் பாடத்தில் தினம் பிழை திருத்திய ஆசிரியர்கள், வரிசையில் நின்று இம்போசிஷன் எழுதினார்கள்.

2004 மே மாதம் தேர்தல் முடிவு வந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் அ.தி.மு.க. அணிக்கு ஒன்றுகூட இல்லை. அதற்கப்புறம் நடவடிக்கைகள் மளமளவென்று வாபஸ் ஆயின. உரிமை இல்லை, உரிமை இல்லை, உரிமை இல்லை என்று மூன்று முறை சொல்லப்பட்ட கூட்டத்துக்கு, ஓட்டு என்று ஒன்று இருப்பது அப்போதுதான் அரசுக்கு ஞாபகம் வந்தது.

ஓட்டு என்றதும் தபால் வாக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று ஊழியர் ஜாடைகூடக் காட்டக் கூடாதல்லவா? வாக்கு எண்ணும் நாளில் காலை எட்டு மணிக்கு முதலில் எடுப்பதே தபால் வாக்குகளைத்தான். பெரும்பாலும் தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்களும் ஊழியர்களும் போட்டவை. எட்டரை மணிக்கெல்லாம் தொலைக்காட்சியில் ஓடும்: 'தபால் வாக்குகளில் இன்ன கட்சி முன்னிலை'. ஒட்டுமொத்தமாக யார் பக்கம் சாய்ந்தார்கள் என்று ஊரே தோசை தின்றபடி பார்க்கும். தனித்தனியாகச் சொன்னால் ஒழுங்கு நடவடிக்கை. மொத்தமாக அரசாங்கமே சொன்னால் பிரேக்கிங் நியூஸ். தேர்தலுக்குத் தேர்தல் பழைய ஓய்வூதியத் திட்டத்தை வாக்குறுதியாக அச்சடித்து நீட்டுவதும் இந்த ஓட்டுகளைப் பார்த்துத்தான். 2021 தி.மு.க. அறிக்கையில் அதற்கு எண் 309. ஊழியர் அரசியலைத் தொடக் கூடாது. அரசியல் ஊழியரின் மடியில் கை விடலாம்.

ஆவடியில் நடந்தது இதைவிடக் கொடுமை. பாதுகாப்புத் துறையின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்க மத்திய அரசு முடிவு செய்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் என்றார்கள். 2021 ஜூன் 30 அன்று அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் அவசரச் சட்டம் வந்தது: நிறுத்தினால் ஒரு வருஷம் சிறை, அல்லது பத்தாயிரம் அபராதம், அல்லது இரண்டும், தூண்டினால் இரண்டு வருஷம். அக்டோபர் 1 முதல் கனரக வாகனத் தொழிற்சாலை 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம்' என்ற கம்பெனிக்குள் போனது. சீருடை தைக்கும் ஓ.சி.எஃப்., 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்' என்ற கம்பெனிக்குள். தொழிலாளி எங்கே போனார்? அவர் அரசு ஊழியராகவே தொடர்ந்து, கம்பெனிக்கு அயல்பணியில் வந்திருப்பதாகக் கருதப்பட்டார். எவ்வளவு நேர்த்தி பாருங்கள்! தொழிற்சாலை அரசுத் துறையாக இல்லாமல் போனது. நடத்தை விதி மட்டும் அவர் கழுத்தில் அப்படியே இருந்தது. டாங்கிக்கு வெல்டிங் அடிப்பவர் தன் தொழிற்சாலை ஏன் கம்பெனியாக வேண்டும் என்று கேட்டால் அது அரசியல். கம்பெனியாக்கியது நிர்வாகம்.

இதுவரை கீழ்த்தட்டு. இனி மாடிக்கு ஏறுவோம். ஐந்தாம் விதி மாதிரியே அகில இந்தியப் பணிக்காரர்களுக்கும் விதி உண்டு. ஆனால் மாடியில் துறவறம் என்பது ஒரு ராஜினாமாக் கடிதத்தின் கனம்தான்.

ராஜேஷ்வர் சிங் என்ற அமலாக்கத் துறை இணை இயக்குநரை நமக்குத் தெரியும். 2-ஜி, ஏர்செல்-மேக்சிஸ் வழக்குகளை விசாரித்தவர். 2022 உத்தரப் பிரதேசத் தேர்தலின்போது விருப்ப ஓய்வு கேட்டார். ஓய்வு கிடைத்த சூடு ஆறுமுன் பா.ஜ.க. வேட்பாளர் ஆனார், ஜெயித்தார். நேற்றுவரை எதிர்க்கட்சிக்காரர்களின் கணக்கைத் தோண்டிய கையில் இன்று கட்சிக் கொடி. நேற்று அந்தக் கையில் அரசியலே இல்லை என்று நாம் நம்ப வேண்டும். நம்பாவிட்டால் நாம் கெட்டவர்கள். குஜராத் அதிகாரி ஏ.கே. சர்மா 2021 ஜனவரியில் விருப்ப ஓய்வு பெற்று, அதே மாதம் கட்சி, அதே மாதம் உத்தரப் பிரதேச மேலவை. அடுத்த வருஷம் மந்திரி. நம் தமிழர் வி.கே. பாண்டியன் ஒடிசாவில் முதலமைச்சரின் தனிச் செயலராக இருந்துகொண்டே ஹெலிகாப்டரில் மாவட்டம் மாவட்டமாகப் போய் மனு வாங்கினார். 2023 அக்டோபரில் விருப்ப ஓய்வு ஏற்கப்பட்ட கையோடு கேபினட் மந்திரி அந்தஸ்து, நவம்பரில் பிஜு ஜனதா தளம். எந்த நிமிஷத்தில் அதிகாரி முடிந்து அரசியல்வாதி தொடங்கினார் என்று கண்டுபிடிப்பவருக்கு நான் என் வீட்டுப் பத்திரத்தையே எழுதிக் கொடுக்கிறேன். கடன் பாக்கியோடு.

குப்தேஷ்வர் பாண்டேயின் சரித்திரம் தனியாகக் காவியம் பாடத் தக்கது. பீகார் போலீஸ் அதிகாரி. 2009-இல் மக்களவைத் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டு விருப்ப ஓய்வு கேட்டார். சீட்டுக் கிடைக்கவில்லை. சரி, நான் திரும்பி வருகிறேன் என்றார். வா என்று சேர்த்துக்கொண்டார்கள். அப்படித் திரும்பியவர் மாநில டி.ஜி.பி. வரை போனார். 2020 செப்டம்பரில் மறுபடி விருப்ப ஓய்வு, ஐந்தாம் நாள் ஐக்கிய ஜனதா தளம். இந்தத் தடவையும் சீட்டுக் கிடைக்கவில்லை. காவி உடுத்திக் கதாகாலட்சேபம் செய்யப் போய்விட்டார். இந்தக் கட்டுரையில் வரும் ஆட்களில் உண்மையாகவே துறவறம் பூண்டவர் அவர் ஒருவர்தான். காஷ்மீரின் ஷா ஃபைசல் இன்னொரு மாதிரி: ஐ.ஏ.எஸ்.ஸில் நாட்டிலேயே முதலிடம், 2019 ஜனவரியில் ராஜினாமா, மார்ச்சில் சொந்தக் கட்சி, அடுத்த வருஷம் அரசியலுக்கு முழுக்கு, 2022-இல் மறுபடி அதே ஐ.ஏ.எஸ். கட்சியே தொடங்கி நடத்தியவரைக் கோப்பு புன்னகையோடு திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறது. கட்சிக்காரரின் கல்யாணத்தில் மேடையேறிப் போட்டோ எடுத்துக்கொண்ட கிராம நிர்வாக அலுவலருக்கோ விளக்கம் கேட்டு 'மெமோ'.

பெயர் சொன்னவர்களில் சிலர் திறமைசாலிகள்தான். மனசாட்சிக்காக வேலையை விட்டவர்களும் உண்டு. எங்கள் திருவள்ளூர் எம்.பி. சசிகாந்த் செந்தில் அப்படிச் சொல்லித்தான் 2019 செப்டம்பரில் தட்சிண கன்னட மாவட்ட ஆட்சியர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துக் காங்கிரஸில் சேர்ந்தார். 2024-இல் ஐந்தரை லட்சத்துக்கும் மேலான வித்தியாசத்தில் இங்கே ஜெயித்தார். அண்ணாமலை ஐ.பி.எஸ்.ஸை விட்டுப் பா.ஜ.க.வில் சேரவும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இவர்கள் காத்திருந்தது அவரவர் விருப்பம். சட்டம் அவர்களைக் காத்திருக்கச் சொல்லவில்லை.

வேறொன்றுக்குச் சட்டம் காத்திருக்கச் சொல்கிறது. ஓர் உயர் அதிகாரி ஓய்வு பெற்று ஒரு வருஷத்துக்குள் தனியார் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டுமானால் அரசின் முன் அனுமதி வேண்டும். பதவியில் இருக்கும்போதே வருங்கால முதலாளிக்குச் சலுகை செய்துவிடுவார் என்ற பயம். நியாயமான பயம். கட்சிக்குப் போக? அனுமதியும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். சோப்புக் கம்பெனி நாட்டைக் கெடுத்துவிடும், கட்சி கெடுக்காது! இடைவெளி ஒன்று வைக்கலாமே என்று தேர்தல் ஆணையமே ஒரு காலத்தில் கேட்டுப் பார்த்தது. அரசாங்கம் அசையவில்லை. நீதிமன்றத்துக்குப் போனவர்களிடம், இது சட்டமன்றமும் நாடாளுமன்றமும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. நாடாளுமன்றத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், வந்து சேர்ந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பிரிட்டனில் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள், அதாவது நேராக. அங்கே அரசு ஊழியர்களை மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். மேலே கொள்கை வகுப்பவர்களுக்குத் தேசிய அரசியல் அறவே கிடையாது. நடுவில் இருப்பவர்களுக்கு அனுமதியோடு உண்டு. கீழே தொழிற்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கும் அலுவலகம் சாராத வேலைக்காரர்களுக்கும் தாராளமாக உண்டு. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆபத்து என்ற சாதாரணப் புத்தி. நமக்கு இந்த விதிகளின் மூலத்தை விட்டுப் போனவனே தன் ஊரில் திருத்திக்கொண்டான். நாம் அவன் விட்டுப் போன பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறோம். வெல்டர் கையெழுத்தில் யாருடைய டெண்டர் மாறும்? ரயில்வே டிராக்மேன் எந்தக் கட்சி என்று தெரிந்தால் தண்டவாளம் எந்தப் பக்கம் வளையும்?

தண்டவாளம் என்றதும் சொல்லிவிடுகிறேன், கோபம் வருவதே அங்கேதான். எங்கள் ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு ரயில் பாதை ஓடுகிறது. மேம்பாலம் என்று தொடங்கிய வேலை பல வருஷம் பாதியில் நின்ற கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2023 நவம்பரில் ஒரு தகப்பனும் இரண்டு மகள்களும் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயிலில் அடிபட்டுச் செத்தார்கள். ஒரே வீட்டில் மூன்று பேர். அதற்கு முன்னும் சாவு விழாத ஊர் இல்லை இது. அந்தப் பாலத்துக்காக ஒரு கட்சி மறியல் செய்கிறது என்று வையுங்கள். கட்சிக்கு அதில் ஓட்டுக் கணக்கு இருக்கும், இருக்கட்டும். அதே பாதையைத் தினமும் தன் பிள்ளையோடு கடக்கும் ரயில்வே எழுத்தர் அந்தக் கூட்டத்தில் நின்றால் அது அரசியல் நடவடிக்கை. முதல் பக்கத்தில் போட்டோ வந்தால் ஆதாரம். பாலம் ஏன் நின்றது என்று எழுதினால் அரசை விமர்சித்த குற்றம். அதற்கு ஒன்பதாம் விதி தனியாக இருக்கிறது. ஆக, கோட்டைக்கும் ஐ.சி.எஃப்.புக்கும் ஆவடிக்கும் போகிற, நாலு எழுத்துப் படித்த, மனு எழுதத் தெரிந்த, கோப்பு எங்கே தூங்கும் என்று அறிந்த அத்தனை பேரையும் இந்த ஊரின் பொது வாழ்க்கையிலிருந்து கழித்துவிடலாம். மிச்சம் இருப்பவர்களைச் சமாளிக்கக் கட்சிகளுக்குத் தெரியும்.

இதைக் கண்டு கொதிக்காமல் இருக்கப் பழகியிருக்கிறோமே, அந்தப் பழக்கத்துக்குத்தான் மாதச் சம்பளம். கட்சியின் சாவடி முகவராக உட்காரும் அரசு ஊழியருக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134-ஏ பிரிவு. சாவடியின் மூலையில் ஒரு நாள் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலில் டிக் அடிப்பவருக்கு ஜெயில். துறையையே ஒரு கட்சிக்கு வசதியாக வருஷக் கணக்கில் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்ற வாரத்தில் வேட்பாளராகும் அதிகாரிக்கு மாலை.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வேப்பம்பட்டுத் தெருக்களில் எந்தக் கட்சி வந்தாலும் ஒன்று கேட்க வேண்டும். உயர் அதிகாரி கட்சியில் சேர ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும், கடைநிலை ஊழியர் வேலை நேரத்துக்கு வெளியே மனிதராக இருக்கலாம் என்று ஒரு சட்டம் கொண்டுவர நீங்கள் தயாரா? கேட்கிறவர் அரசு ஊழியர் என்றால் சிக்கல், கேள்வியே ஐந்தாம் விதியில் மாட்டும். மாமியாரை அனுப்புங்கள். தடுக்க முயன்றதாக ஓர் அறிக்கையை மட்டும் முன்கூட்டியே எழுதி, தேதி போடாமல், கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.